எட்டு கெஜத்தை 27-ஆல் வகுக்காதீர்கள்: கில்ட் மடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை, தைக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குத் தையல் பெரும்பாலும் நன்றாகவே வரும். ஆனால் டார்டன் எனும் கட்டம் போட்ட கம்பளித் துணியை மேசையில் விரித்ததும் கை நேராக இஞ்ச் டேப்புக்குத்தான் போகும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் இதே கதைதான், எனக்கும்தான். மழுங்கின கத்தரி, கோணலான குண்டூசி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மடிப்பின் ஆழத்தை மட்டும் பேசுவோம்.

துணியை வகுத்து ஆழத்தை முடிவு செய்வது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். ஸ்காட்லாந்து முறை கில்டுக்கு எட்டு கெஜம் என்று எங்கோ படித்திருப்பார்கள். 288 அங்குலம். அதில் முன்பக்கத்து ஏப்ரன் (மடிப்பில்லாத தட்டைப் பகுதி) இரண்டு, ஓர மடிப்புகள் எல்லாம் சேர்த்து 64 போனால் மிச்சம் 224. சீட் அளவு (பிட்டத்தின் சுற்றளவு) 40 என்றால் பின்பாதி 20 அங்குலம். மடிப்புக்கு முக்கால் அங்குலம் வெளியே தெரியட்டும் என்றால் 27 மடிப்பு. சரி, 224-ஐ 27-ஆல் வகு, மடிப்புக்கு 8.3 அங்குலத் துணி. கணக்கு முடிந்தது என்று குறிக்கச் சாக்பீஸை எடுத்துவிடுவார்கள்.

கணக்கு சரி. கில்ட் பாழ். டார்டனில் கோடுகள் ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி தொடங்கும் நீளத்தைச் செட் என்பார்கள். மடிப்பின் ஆழத்தைச் சொல்வது அந்தச் செட்தான். டேப்புக்கோ, கடையில் வாங்கிய கெஜத்துக்கோ அதில் பேச்சே கிடையாது. சேலைக் கொசுவத்தில் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. கில்டின் பின்பக்கத்தில் கால் அங்குலம் தவறினாலும் கோடு நடக்க ஆரம்பித்துவிடும்.

செட் 6½ அங்குலம் என்று வையுங்கள். ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு நிற்க வேண்டுமானால், மடிப்புக்குச் சரியாக ஒரு செட் துணி, 6½ அங்குலம். படைப்பிரிவுகளின் கில்டுகள் பெரும்பாலும் இந்த வகை. கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவின் கில்டில் வரிசையாக மஞ்சள் கோடு நின்றது இப்படித்தான். மடித்த பிறகும் பின்பக்கத்தில் டார்டன் வடிவம் உடையாமல் தொடர வேண்டும் என்றால் ஒரு செட்டோடு வெளியே தெரியும் முக்கால் அங்குலமும் சேரும், மடிப்புக்கு 7¼. உள்ளே மறைவது சரியாக ஒரு செட், ஆழம் அதில் பாதி, 3¼. முதல் வகையில் ஆழம் 2⅞ வரும். இரண்டில் ஒன்று. 8.3 என்று ஓர் அளவுக்கு இங்கே இடமே இல்லை.

அப்போது மிச்சத் துணி? இரண்டாவது வகையில் 27 மடிப்புக்கு 196 அங்குலம் போதும், 28 அங்குலம் மிஞ்சும். மிஞ்சட்டும். அகலத் துணியில் நான்கு கெஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இணைப்பதுதான் வழக்கம். அந்த ஒட்டில் கோடுகளைப் பொருத்தவே ஒரு செட் வரை போய்விடும். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்: 30 மடிப்பு, வெளியே தெரிவது மூன்றில் இரண்டு அங்குலம், துணி 215. ஆழத்தில் மட்டும் திணிக்காதீர்கள்.

இதில் இன்னொரு குழியும் இருக்கிறது. செட்டை எந்தப் பக்கம் அளந்தீர்கள்? கில்டில் துணியின் நீளம்தான் உடம்பைச் சுற்றி வரும், கரை கீழே முழங்கால் பக்கம் நிற்கும். அந்த நீளவாக்கில் வடிவத்தைப் போடுவது ஊடை (குறுக்கு நூல்). நெய்பவர் ஊடையைச் சற்று நெருக்கி அடித்தால் செட் சுருங்கும், தளர்த்தினால் நீளும். அகலவாக்கில் பாவு (நெடுக்கு நூல்) 6½ காட்டும்போது நீளவாக்கில் 6⅜ இருப்பது சாதாரணம். அரைக்கால் அங்குலம்தானே என்று டேப் வைத்துக் குறித்துக்கொண்டே போனால் 27-வது மடிப்பில் மூன்றே கால் அங்குலத்துக்கு மேல் நகர்ந்திருக்கும். அதனால் டேப்பால் தொடர்ச்சியாகக் குறிக்காதீர்கள். ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோட்டின் ஓர நூலையே ஒவ்வொரு செட்டிலும் பிடித்துக் குறியுங்கள். நூலை எண்ணினால் பிழை சேராது.

பாதி முடித்த கில்ட் ஒன்றை ஒரு மாணவர் கொண்டு வந்தார். இடது ஓரத்தில் மடிப்பின் நடுவில் நின்ற வெள்ளைக் கோடு ஐந்தாவது மடிப்பில் விளிம்புக்குப் போய், அப்புறம் காணாமலே போயிருந்தது. பிரித்துத் தைக்கலாம் என்று உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், தடிமனைக் குறைக்க இடுப்புப் பக்கத்து உள் அடுக்குகளை ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டார். வெட்டிய பிறகு ஆழத்தை மாற்ற வழியில்லை. நீராவி இஸ்திரியில் இழுத்துச் சரி பண்ண முடியுமா என்று கேட்டார். என்ன சொல்வது? எட்டு கெஜம் நல்ல கம்பளித் துணி அது. எல்லா மடிப்பையும் குண்டூசி குத்தி, கரைப்பக்கம் ஓட்டுத்தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, சுவரில் தொங்கவிட்டு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். அதற்குப் பிறகு கத்தரியைத் தொட்டால் போதும்.

சின்ன செட்

3 அங்குல செட்டில் ஒரு செட் வீதம் மடித்தால் ஆழம் ஒன்றே அரைக்கால் அங்குலம்தான். நடக்கும்போது மடிப்பு ஆடாது, விரிந்தே கிடக்கும். இரண்டு செட்டை ஒன்றாக எடுங்கள், 2⅝ வரும்.

பெரிய செட்

9 அங்குல செட்டில் மடிப்புக்கு ஒரு செட் எடுத்தால் பின்னால் எங்கே தொட்டாலும் பன்னிரண்டு அடுக்குத் துணி. 16 அவுன்ஸ் கம்பளியில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், புரியும். போதாததற்கு எட்டு கெஜமும் பற்றாது. வடிவம் நடுவிலிருந்து இருபுறமும் கண்ணாடிபோல் திரும்பும் டார்டன் என்றால் அரைச் செட் வீதம் மடித்து, இரண்டு நடுக்கோடுகளை மாற்றி மாற்றி நிறுத்தலாம். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இடுப்பில் குறுக்குவது

சீட் 40, இடுப்பு 34 என்றால் முக்கால் அங்குல மடிப்பு மேலே ⅝ அங்குலமாகக் குறையும். குறைப்பதை ஒரே விளிம்பில் எடுத்தால் கோடு சாயும். இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள்.

ஒட்டுத்தையல்

இரண்டு துண்டுகளை இணைக்கும் தையல் மடிப்பின் உள்ளே. வெளியே தெரிந்தால் பிரியுங்கள்.

ஓட்டுத்தையலை இஸ்திரிக்கு முன்பே பிரிப்பது

வேண்டாம்.

துணியைச் சொல்லிவிட்டு அப்புறம் கணக்குப் போடுவது

நெசவாலைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே நீளவாக்குச் செட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மாதிரித் துண்டு அனுப்பினால் அதில் ஒரு முழுச் செட் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கை அகலத் துண்டில் பல டார்டன்களுக்கு அது அடங்காது. மடிப்பின் எண்ணிக்கையை ஒரு மடிப்புக்கு வேண்டிய துணியால் பெருக்கி, ஏப்ரன்களையும் ஒட்டுக்கு ஒரு செட்டையும் கூட்டிய பிறகு வரும் கெஜத்தைச் சொல்லுங்கள். அது ஏழாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம்.