பெங்களூரு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பலர் பெங்களூரில் அப்பா அம்மா வீட்டில் இறங்குவார்கள். இரண்டு நாள் தூங்கி எழுந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம், மதுரை என்று கோயில்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரிய பெட்டிகள் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்திருக்கும். அடுத்த நாலைந்து நாள் அந்த வீடு பூட்டிக் கிடக்கும்.

அல்சூரில் சிங்கப்பூர் அண்ணன் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வாசல் கதவுக்கு நல்ல பூட்டு, கிரில் கேட்டுக்கு இன்னொன்று. திருடன் இரண்டையும் தொடவில்லை. பின்பக்க பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். ஆறு பட்டை, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அம்மாவின் அட்டிகை இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டு வளையல் மட்டும் மீண்டது.

அதனால் வந்த முதல் நாளே வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வென்டிலேட்டருக்கு உள்பக்கம் இரும்புக் கம்பி போட ஒரு வெல்டருக்கு அரைநாள் போதும். வாசல் கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால், பூட்டை விட்டுவிட்டுக் கொண்டியையே கழற்றிவிடுவார்கள். உள்ளே நட்டு வைத்து முடுக்கும் போல்ட்டாக மாற்றச் சொல்லுங்கள். வெளியே தொங்கும் பூட்டே ஆளில்லை என்று காட்டிக்கொடுக்கும். கதவுக்குள் பதித்த பூட்டுதான் நல்லது.

வாசலைப் பாருங்கள். மூன்று நாள் கோலம் இல்லை, பால் பாக்கெட்டும் பேப்பரும் கிடக்கிறது என்றால் யாருக்கும் புரிந்துவிடும். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, காலையில் ஒரு கோலம், மாலையில் ஒரு விளக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கேமராவையும்விட இதை நான் நம்புகிறேன். கேமரா இருந்தால், கரண்ட் போனாலும் ஓட அதையும் வைஃபை பெட்டியையும் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். காவல் நிலையத்தில் ஊருக்குப் போகும் நாட்களை எழுதிக் கொடுங்கள். கோயில் படங்களைத் திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம்.

கல்யாணத்துக்குக் கொண்டுவந்த நகை பீரோவில் இருக்கவே கூடாது. வங்கி லாக்கரில் வையுங்கள். 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. நகை அதைவிட மதிப்பென்றால் தனியாகக் காப்பீடு எடுங்கள். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் 112-ஐ அழையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம். பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும் என்பதால், கன்னடம் தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

மீட்ட நகை நீதிமன்றம் வழியாகத்தான் கைக்கு வரும். விமானம் ஏறும் முன் நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வையுங்கள். அண்ணன் எழுதாமல் போனதால், அந்த இரண்டு வளையலுக்காக மறுபடி பெங்களூரு வர வேண்டியதாயிற்று.