மைதானத்தில் மின்சாரம் போகும்போது: மின்னணுக் கருவிகளை நம்பும் அணிவகுப்பு இசைக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டிரம் கோர் எனப்படும் போட்டி அணிவகுப்பு இசைக்குழுக்கள் நெடுங்காலம் பித்தளைக் கொம்புகளையும் முரசு முதலான தாளக் கருவிகளையும் மட்டுமே நம்பி மைதானத்தில் இறங்கின. அவற்றின் போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 2004இல் மைக், ஒலிபெருக்கி ஆகியவற்றையும், 2009இல் சின்தசைசர் (மின்னணு விசைப்பலகை) போன்ற மின்னணுக் கருவிகளையும் அனுமதித்த பிறகு, பார்வையாளர் பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும், கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் வரிசையின் நடுவே மிக்சரும் ஆம்ப்ளிஃபையரும் மடிக்கணினியும் சக்கர வண்டிகளில் வந்து நின்றன. பள்ளிக் குழுக்கள் பலவும் அதே வழியில் சென்றுள்ளன. கோடை முழுவதும் வெயிலில் நின்று பயின்ற பிள்ளைகளின் சுமார் பத்து நிமிட நிகழ்ச்சி, புல்தரையில் கிடக்கும் ஒரே ஒரு மின்கம்பியால் குலைந்துபோகக் கூடாது.

மின்தடை என்றதும் ஊர் முழுவதும் இருளில் மூழ்குவதை நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மைதானத்தில் அஞ்ச வேண்டிய தடை பெரும்பாலும் நாமே உண்டாக்குவது: வண்டிச் சக்கரம் கம்பியை இழுத்துவிடும், கொடி வீசுபவரின் கால் பிளக்கில் படும், அல்லது சுமை தாங்காமல் பிரேக்கர் விழும். ஆகவே கம்பியை முதலில் வண்டியின் காலில் கட்டிவிட்டு, பிறகுதான் கருவியில் செருக வேண்டும். யாராவது தடுக்கினால் இழுவிசை வண்டியின் மீது விழுமே தவிர பிளக்கின் மீது விழாது. திருகிப் பூட்டும் வகை இணைப்பான்கள் இன்னும் நல்லவை.

சுமையைக் கணக்கிடாமல் செருகுவது அடுத்தது. அமெரிக்காவின் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு ஒன்று தாங்குவது 1800 வாட். தொடர்ந்து ஓடும் சுமையை அதில் 80 விழுக்காட்டுக்குள், அதாவது 1440 வாட்டுக்குள், வைத்துக்கொள்வதே முறை. கம்பியின் பருமனும் இதே அளவுக்கு முக்கியம். 100 அடி நீளமுள்ள 16 கேஜ் கம்பியில் 12 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 10 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அதைவிடத் தடிமனான 12 கேஜ் கம்பியில் இழப்பு 4 வோல்ட்டைத் தாண்டாது.

ஒலிபெருக்கியில் எழும் இரைச்சலை அடக்க எர்த் பின்னை வெட்டி எறியும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அதை அன்றே நிறுத்த வேண்டும். ஈரப் புல்லில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தப் பின் அவர்களுடைய உயிருக்குக் காவல்.

இனி, மிகுதியான குழுக்கள் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். மின்சாரம் இரண்டு நொடியில் திரும்பிவிடலாம். ஆனால் கருவிகள் இரண்டு நொடியில் திரும்புவதில்லை. டிஜிட்டல் மிக்சர் மறுபடி உயிர்பெறக் காத்திருக்க வேண்டும். சின்தசைசர் பாட்டின் நடுவில் இருந்த ஒலியை மறந்து, முதல் ஒலியில் போய் நிற்கும். மடிக்கணினி தன் பேட்டரியால் பிழைத்துக்கொண்டாலும், அதன் ஒலியை மிக்சருக்குக் கடத்தும், சுவர் மின்சாரத்தில் ஓடும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அணைந்து எழும்போது மென்பொருள் அதை அடையாளம் காணாமல் போகக்கூடும். இதற்காகத்தான் யுபிஎஸ் தேவைப்படுகிறது. ஆனால் பலர் அதிலேயே ஆம்ப்ளிஃபையரையும் சப்வூஃபரையும் சேர்த்துச் செருகிவிடுகிறார்கள். 1500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று அச்சிட்ட யுபிஎஸ் 1500 வாட் தரும் என்று எண்ணக் கூடாது. அவ்வகைச் சிறு கருவிகள் பல சுமார் 900 வாட்தான் தாங்கும். மிக்சர், இன்டர்ஃபேஸ், சின்தசைசர், வயர்லெஸ் மைக் ரிசீவர் ஆகிய நினைவுள்ள கருவிகளை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்து, ஆம்ப்ளிஃபையர்களை நேரடி இணைப்பில் விடுவதே என் கருத்தில் சரியான பிரிவு. ஆம்ப்ளிஃபையர் அணைந்தால் சத்தம்தான் போகும், மின்சாரம் வந்தவுடன் திரும்பும். மிக்சர் அணைந்தால் அந்த இசைப்பகுதியே போய்விடும். யுபிஎஸ்ஸின் ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும் என்றாலும், கோடையில் கொதிக்கும் லாரிக்குள் கிடந்தால் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். பருவம் தொடங்கும் முன் எல்லாக் கருவிகளையும் ஓடவிட்டு, சுவர்ப் பிளக்கை உருவிப் பார்த்துவிட வேண்டும்.

ஜெனரேட்டரைக் கூரையுள்ள அரங்கின் உள்ளேயோ நுழைவுச் சுரங்கத்திலோ ஓட்டவே கூடாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது ஆளைக் கொல்லும். 2009 முதல் டிரம் கோர் இறுதிப் போட்டிகள் நடந்துவரும் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் மூடக்கூடிய கூரை கொண்டது என்பதை நினைவில் கொள்ளலாம். அத்தகைய இடங்களுக்குத் தூய சைன் அலை, அதாவது சுவர் மின்சாரத்தைப் போன்ற சீரான அலை, தரும் லித்தியம் மின்கலப் பெட்டி ஏற்றது. 1000 வாட்-மணி கொண்ட பெட்டி, 500 வாட் சுமையை, மின்சாரத்தை மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

மின்சாரம் போனவுடன் ஆம்ப்ளிஃபையர் சுவிட்சுகளை அணைக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்காததும் தவறே. மிக்சரும் அணைந்திருந்து எல்லாம் ஒரே கணத்தில் உயிர்பெற்றால் எழும் பேரொலி, ஒலிபெருக்கியைக் கிழித்துவிடக்கூடும். மிக்சர் முழுமையாக எழுந்த பிறகே ஆம்ப்ளிஃபையரைப் போட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் செய்தும் ஒருநாள் சத்தம் போகலாம். அப்போது நம்மைக் காப்பாற்ற வேண்டியது இசையமைப்புதான். தாழ்ந்த சுருதி முழுவதையும் சின்தசைசரிடம் ஒப்படைத்துவிட்டு, தாழ்ந்த சுருதிக்கான பெரிய கொம்புகளான டியூபாக்களுக்குச் சும்மா நிற்கும் வேலை கொடுத்திருந்தால், மின்சாரத்தோடு அடித்தளமும் போய்விடும். மென்மையான கோல்களால் மரிம்பாவில் வாசிக்கும் நுண்ணிய உருட்டல்கள் மைக் இல்லாமல் மேல்வரிசைக்கு எட்டா. கடினமான கோல்கள் ஒரு ஜோடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழுவை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் என்ன நேர்ந்தாலும் தாளத்தை நிறுத்தக் கூடாது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பருவத்தில் இரண்டு முறையாவது, முன்னறிவிப்பின்றி, முழு ஒத்திகையின் நடுவே பயிற்சியாளர் மிக்சரின் வெளியீட்டை மூடிவிட்டு, பார்வையாளர் வரிசையின் உச்சியில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்தெந்த இடங்களில் இசை அறுந்துபோகிறதோ, அவற்றைக் குறித்துவந்து, மறுநாளே கொம்புகளுக்கும் முரசுகளுக்கும் பிரித்து எழுதித் தர வேண்டும்.