வாய்க்கால் ஓரமாக ஒரு காலை: திருகோணமலையில் முதல் கிரவல் சைக்கிள் பயணம்

திருகோணமலையில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் ஊர் பார்க்கலாம் என்று சைக்கிளை எடுக்கிறவர்கள் நேரே கண்டி வீதிக்கோ நிலாவெளி வீதிக்கோ போய்விடுகிறார்கள். பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கும், பஸ் உரசுவதுபோல் முந்தும். பத்துக் கிலோமீட்டரில் ஆசை விட்டுப் போய்விடும். அதே கண்டி வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாள் முழுக்க நாலைந்து உழவு இயந்திரங்கள் மட்டும் போய்வரும் கிரவல் பாதைகள், அதாவது தார் போடாத பரல் பாதைகள், இருக்கின்றன. அவற்றில் முதல் தடவையாகப் போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: தண்ணீர் போகும் வழியே போங்கள். குளத்திலிருந்து வயலுக்குப் போகும் ஒவ்வொரு பெரிய வாய்க்காலின் ஓரத்திலும் ஒரு பாதை இருக்கும். மதகு திறக்கவும், வாய்க்கால் துப்புரவு செய்யவும், விதைநெல்லும் பசளையும் கொண்டு போகவும் போட்ட பாதை அது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் சரிவு கண்ணுக்கே தெரியாது. அதனால் ஏற்றம் மிதிக்கத் தெரியாதவருக்கும் அது பொருந்தும். இந்தப் பக்கத்தில் கோவிலும் விகாரையும் பழைய ஊரும் எல்லாம் தண்ணீரை ஒட்டித்தான் வளர்ந்தன. வாய்க்காலைப் பிடித்துப் போனால் வரலாற்றைத் தனியாகத் தேடிப் போகத் தேவையில்லை.

1. பாதையை வீட்டிலிருந்தே தேடுங்கள்

கூகுள் மப்பில் செய்மதிப் படத்தைத் திறந்து, கண்டி வீதிப் பக்கமுள்ள வயல் ஊரான தம்பலகாமத்தைப் பாருங்கள். பச்சை வயல்களுக்கு நடுவே மெதுவாக வளைந்து போகும் கருமையான கோடு தெரிந்தால் அது வாய்க்கால். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வரும் செம்மண் நிறக் கோடுதான் உங்கள் பாதை. கோடு நடுவில் மறைந்தால் அங்கே பற்றை மூடியிருக்கலாம், அல்லது பாலம் இல்லாமலிருக்கலாம். அந்த இடத்தைக் குறித்து வைத்து, சுற்றிப் போக இன்னொரு வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்மதிப் படத்தை இணையம் இல்லாத நேரத்துக்குச் சேமிக்க முடியாது. சாதாரண வரைபடத்தை மட்டும்தான் சேமிக்கலாம். அதனால் போகும் வழி முழுவதையும் நாலைந்து ஸ்க்ரீன்ஷொட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. மாதமும் காற்றும்

நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம். வாடைக்காற்று மழையோடு வரும். வயல் மண் களியாகி ரயரிலும் மட்காட்டிலும் அப்பிக்கொண்டு சில்லைச் சுற்றவே விடாது. பெப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பெரும்போக நெல் வெட்டு முடிகிற நேரம் என்பதால் பாதையும் காய்ந்திருக்கும்.

மே தொடங்கினால் கச்சான் காற்று வந்துவிடும். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் சூடான காற்று. காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏறப் பலக்கும். இதை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். காலை ஏழு மணி போல உள்நாட்டை நோக்கி மேற்கே மிதியுங்கள், பத்து மணிக்குப் பிறகு கடலை நோக்கித் திரும்புங்கள். திரும்பும்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும். மாறிச் செய்தால் களைத்த காலோடு எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

3. சைக்கிளும் காற்றழுத்தமும்

கிரவலுக்கென்றே விற்கும் விலை கூடிய சைக்கிள் தேவையில்லை. பட்டையான ரயர் போட்ட சாதாரண மவுண்டன் சைக்கிள் போதும். அப்பா காலத்து லுமாலா இருந்தாலும் சரி, பிரேக் கட்டை தேயாமலும் செயின் தொங்காமலும் இருந்தால் கொண்டு போகலாம்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது ரயர் காற்றைத்தான். தார் வீதிக்கு அடித்த மாதிரி கல்லுப்போல அடித்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு பரலிலும் கை அதிரும், வளைவில் சில்லு வழுக்கும். 26 அங்குல, இரண்டு அங்குலப் பட்டை ரயருக்கு, நடுத்தர உடம்புக்காரர் முன்னுக்கு 30, பின்னுக்கு 35 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். உடம்பு கூடினால் காற்றும் கொஞ்சம் கூட வேண்டும். அளவுமானி இல்லையென்றால் பெருவிரலால் ரயரின் பக்கத்தை அழுத்துங்கள். கொஞ்சம் இடங்கொடுத்து உடனே திரும்ப வேண்டும். மெல்லிய ரயர்ச் சைக்கிளுக்கு இவ்வளவு குறைக்கக் கூடாது. கல்லில் அடிபட்டால் ரியூப் விளிம்போடு நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும்.

4. நெருஞ்சிக்கு ஆயத்தமாகுங்கள்

இந்தப் பாதைகளில் உங்களை நிறுத்தப் போவது பெரும்பாலும் நெருஞ்சி முள்தான். மஞ்சள் பூவோடு நிலத்தில் படர்ந்து அழகாக இருக்கும். பாதையின் ஓரத்திலும் நடு முகட்டிலும்தான் இருக்கும், ஆகவே சில்லுத் தடத்துக்குள்ளேயே ஓட்டுங்கள்.

ஒட்டுப் போடத் தெரியாமல் வயல்வெளிக்குள் போக வேண்டாம். வீட்டு முற்றத்தில் வைத்து ஒரு தரம் பழகுங்கள். சில்லைக் கழற்றி, மிச்சக் காற்றை இறக்கி, ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் கம்பியால் நெம்பி ரியூப்பை எடுங்கள். காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். அதைத் துடைத்துக் காயவிட்டு, அரத்தாளால் ஒட்டுத்துண்டை விடக் கொஞ்சம் பெரிதாக உரசி, சொலூசனை மெல்லியதாகப் பூசுங்கள். இப்போது பொறுமை வேண்டும். பசை பளபளப்பு இழந்து, விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை சில நிமிடம் விடவேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் அடுத்த மைலில் கழன்றுவிடும். ஒட்டி அழுத்திய பிறகு, மறந்துவிடாமல் ரயரின் உட்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள் இன்னும் அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் பூட்டினால் புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும்.

அப்புறம் பையில்: காற்றடிக்கும் கைப்பம்ப், மாற்று ரியூப் ஒன்று, ஆளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாத தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற் இரண்டு, தொப்பி, அடையாள அட்டை. வயலுக்குள் கடை கிடையாது.

5. கிரவலில் ஓட்டும் விதம்

கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்கை தளர்ந்திருக்கட்டும். பரல் உதிரியாகக் கிடக்கும் வளைவில், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக் பிடித்தால் முன்சில்லு வழுக்கும். மணல் திட்டு வந்தால் பாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இலகுவான கியரில் நிறுத்தாமல் மிதியுங்கள். புதைந்தால் இறங்கி உருட்டுங்கள்.

6. முதல் நாள்: தம்பலகாமம்

நகரத்திலிருந்து தம்பலகாமம் கண்டி வீதி வழியே ஏறக்குறைய 24 கிலோமீட்டர். முதல் நாளே அதை மிதிக்க வேண்டாம். சைக்கிளை ஒரு சின்ன லொறியிலோ ஓட்டோவிலோ ஏற்றிக்கொண்டு, ஆதிகோணநாயகர் கோவிலடியில் இறங்குங்கள். காலை ஏழு மணி போல இறங்குவது நல்லது.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். அங்கிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த திருமேனிகளுக்காக எழுந்த கோவில் இது என்பது இந்த ஊரின் மரபு. கோவிலைச் சுற்றி நாலு பக்கமும் வயல். அந்த வயலுக்கு வரும் தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோவிலுக்கென்று கட்டிய குளம் என்று தமிழ் மரபு சொல்லும். 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சிங்கள வரலாற்று மரபு. மின்னேரியாவிலிருந்து வரும் பழைய கால்வாய்தான் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் சேர்க்கிறது. கோவில் வாசலில் நின்று பார்த்தால் வயலும் வாய்க்காலும் குளமும் ஒரே ஏற்பாடாகத் தெரியும். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கோவிலடியிலிருந்து வாய்க்காலின் எதிர்த்திசையில், தென்மேற்காகப் போங்கள். ஏழெட்டுக் கிலோமீட்டர் போதும். வழியில் வரும் ஒவ்வொரு மதகிலும் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் பிரிகிறது என்று பாருங்கள். கிளை வாய்க்காலில் தவறி ஏறினால் பாதை யாராவது ஒருவருடைய வயல் வரம்பில் போய் முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் கேளுங்கள். “ஐயா, இந்தப் பாதை கந்தளாய் றோட்டுக்கு ஏறுமா?” என்று கேட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வழி சொல்லும் மனிதர்கள் இங்கே. முஸ்லிம் ஊர்ப் பக்கம் என்றால் “காக்கா” என்று கூப்பிட்டுக் கேட்கலாம். வெட்டுக் காலத்தில் பாதையில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் சில்லை ஏற்றவே கூடாது, இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். அது ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு.

திரும்பி வந்து இன்னும் தெம்பு இருந்தால் குடாப் பக்கம் போய்ப் பாருங்கள். தம்பலகாமக் குடாவில் முன்பு, கண்ணாடிபோல் மெல்லிய ஓடுள்ள சிப்பிகளைச் சிறு முத்துக்காகக் குளித்து எடுத்திருக்கிறார்கள்.

7. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

யானை. கந்தளாய் சுற்றிலும் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன்னும் பின்னேரம் நாலு மணிக்குப் பின்னும் பற்றை ஓரப் பாதைகளில் இருக்காதீர்கள். ஈரம் காயாத இலத்தி கிடந்தால் அன்றைக்கு அந்தப் பாதை உங்களுக்கில்லை. காவற்பரணில் ஆள் இருந்தால் இரவு வந்ததா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மின்வேலியைத் தொடவோ தாண்டவோ வேண்டாம்.

போர் நடந்த மாவட்டம் இது. சில்லுத் தடம் இல்லாத இடத்துக்குள், படம் எடுக்கக்கூட, இறங்காதீர்கள். மண்டையோட்டுக் குறி போட்ட பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். முகாம் வேலிக்கு அருகே படம் எடுக்க வேண்டாம். குளத்திலும் ஆற்றிலும் முதலை உண்டு, ஆகவே குளிக்க ஆசைப்பட்டால் ஊரார் குளிக்கும் துறையில் மட்டும் இறங்குங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்

செம்புழுதி செயினுக்குள் எண்ணெயோடு சேர்ந்தால் பற்சக்கரத்தை அரம்போல் தேய்த்துவிடும். பழந்துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, கூடுதலாக இருப்பதைத் திரும்பத் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது எங்கே

இரண்டாவது பயணத்துக்குக் கந்தளாய்க் குளக்கட்டு. 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கட்டு அது. மேலே நின்று ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் கீழே கிடக்கும் ஊரையும் பார்த்தால் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும்.

மூன்றாவதாக, வடமேற்குப் பக்கம். கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருக்கும். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்ற நம்பிக்கையில் இன்றைக்கும் அந்தியேட்டிக்கு வருகிறார்கள். அங்கிருந்து பெரியகுளம் பக்கம் போனால் வில்கம் விகாரை. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்ப் பௌத்தர்கள் கும்பிட்ட இடம், அவர்கள் கொடுத்த தானங்களைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். ஊரில் நாதனார் கோவில் என்பார்கள். இந்தப் பக்கம் காடு நெருக்கம், நிழல் உண்டு, யானையும் உண்டு. தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். அனுராதபுரம் வீதியில் கன்னியா வரைக்கும் உள்ள தார்ப் பகுதியைக் காலை ஆறரைக்குள் கடந்துவிட்டால் லொறித் தொல்லை குறைவு.