புதிய மடிக்கணினி: மூத்தோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்ட பிறகு, பழைய கணினியை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய மடிக்கணினியோடு எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு வரும் ஓய்வூதியர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கருவூலத்திலும் பள்ளியிலும் மின்வாரியத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பான வேலை பார்த்தவர்கள் இவர்கள். வயதானால் கற்க முடியாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஆனால் தொடக்கத்தில் நானும் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கணினிக்குப் பக்கத்தில் காபி டம்ளரை வைக்காதீர்கள், முறையாக அணைத்துவிட்டு மூடுங்கள் என்பன போன்ற, எவரும் சொல்லக்கூடிய அறிவுரைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

சிறிய எழுத்தோடு மல்லுக்கட்டுவது

புதிய மடிக்கணினிகளின் திரை மிகக் கூர்மையானது. அதனாலேயே, நிறுவனம் அமைத்துத் தரும் எழுத்தளவு அறுபதைக் கடந்த கண்களுக்குப் போதுவதில்லை. பலர் இதைத் தங்கள் பார்வையின் குறை என்று எண்ணிக்கொண்டு கழுத்தை நீட்டிப் படிக்கிறார்கள். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், ஸ்கேல் என்ற இடத்தில் 150 விழுக்காடு என்று மாற்றினால் திரையில் உள்ள எல்லாமே பெரிதாகிவிடும். இணையப் பக்கம் மட்டும் பெரிதாக வேண்டுமானால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் குறியைத் தட்டினால் போதும்.

கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்துக்காகச் செய்யப்பட்டது; மடிக்கணினித் திரை அதைவிடச் சற்றுத் தள்ளி, சற்று உயரமாக இருக்கிறது. அதனால் மோவாயைத் தூக்கியபடி படிக்க நேர்ந்து, வகுப்பு முடிவதற்குள் பிடரி வலிக்கத் தொடங்குகிறது. அடுத்த முறை கண் மருத்துவரிடம் செல்லும்போது, திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

டச்பேடோடு போராடுவது

விசைப்பலகைக்குக் கீழே விரலால் தேய்க்கும் டச்பேட் கைக்கு வசப்படாவிட்டால், ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள். இரட்டைக் கிளிக் செய்யக் கை ஒத்துழைக்காவிட்டால், ஒருமுறை கிளிக் செய்துவிட்டு என்டர் விசையைத் தட்டுங்கள்.

கணக்கை வேறொருவர் தொடங்கிவைப்பது

இந்த ஒன்றைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு உள்ள மடிக்கணினியை முதன்முதலில் இயக்கும்போது, அது இணைய இணைப்பையும் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. அந்தக் கணக்குக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல், உறுதிசெய்துகொள்ள ஒரு கைப்பேசி எண் ஆகியவை வேண்டும். பெரியவர்கள் தயங்குவதைப் பார்த்ததும் கடைக்காரர், "சாயங்காலம் வாங்க சார், எல்லாம் ரெடி பண்ணி வைக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறார். இல்லையென்றால், விடுமுறைக்கு வந்த பேரன் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். இருவரும் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். கணக்கில் பதிவாவது மட்டும் உங்கள் எண்ணாக இருப்பதில்லை.

அதன் பிறகு கணினி குறைந்தது நான்கு இலக்கங்கள் கொண்ட பின் எண் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நாள்தோறும் அதைத்தான் தட்டி உள்ளே போகிறோம் என்பதால், அதுவே கடவுச்சொல் என்று பெரும்பாலானோர் நம்பிவிடுகிறார்கள். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. உண்மையான கடவுச்சொல் வேறு. மாதக்கணக்கில் அது கேட்கப்படாமலே இருப்பதால், அப்படி ஒன்று இருப்பதே நினைவிலிருந்து போய்விடுகிறது.

பிரச்சினை எழும் நாள் வரைக்கும் எல்லாம் சரியாகவே நடக்கும். அண்மைக்கால மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடனேயே வன்தட்டில் உள்ளவை முழுவதும் தாமாகவே பூட்டப்பட்டுவிடுகின்றன. கணினி திருடுபோனாலும் கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி செய்யும் நல்ல பாதுகாப்பு அது. அந்தப் பூட்டுக்கு ரெகவரி கீ எனப்படும் 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அது எந்தக் கணக்கின் வழியாகக் கணினி தொடங்கப்பட்டதோ, அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்படுகிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்புக்குப் பிறகோ, உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டு மாற்றப்பட்ட பிறகோ, ஒருநாள் காலையில் நீலத் திரை தோன்றி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் உதவிப் பிரிவாலும் அதை உருவாக்கித் தர இயலாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒன்றே வழி.

எங்கள் வகுப்புக்கு வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு இது நடந்தது. தம் ஊர்க் கோயிலைப் பற்றித் தாம் திரட்டிய குறிப்புகளையும், மறைந்த கணவரின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்த படங்களையும் அந்த மடிக்கணினியில்தான் வைத்திருந்தார். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு நீலத் திரை வந்தது. வாங்கிய கடைக்குப் போனால், கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். அவன் தன் போக்கில் ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கித் தன் கைப்பேசி எண்ணையே கொடுத்திருந்தான். அந்த எண்ணும் இப்போது பயன்பாட்டில் இல்லை. கடையில் இருந்தவர்கள், "ஃபார்மேட் பண்ணிடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்" என்று ஆறுதலாகச் சொன்னார்கள். கணினி புதிதுபோல் ஆனது உண்மைதான். கைப்பேசியில் மிச்சமிருந்த சில படங்களைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த அம்மா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றுவரை கோபம் ஆறவில்லை, ஏனென்றால் வாங்கிய நாளன்று கடையில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. சொந்தப் பணத்தில் மனை வாங்கிவிட்டுப் பத்திரத்தைத் தரகர் பெயரில் பதிவு செய்ய நம்மில் எவரும் சம்மதிக்க மாட்டோம். மடிக்கணினி விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

இழப்பு கோப்புகளோடு நிற்பதில்லை. நம் நாட்டில் விற்கப்படும் பல மடிக்கணினிகளோடு வேர்டும் எக்செலும் அடங்கிய ஆஃபீஸ் தொகுப்பும் சேர்ந்து வருகிறது. அதை எந்தக் கணக்கில் பதிவு செய்கிறோமோ, அந்தக் கணக்குக்கே அது உரிமையாகிறது. பேரனுடைய கணக்கில் பதிவானால் அது பேரனுடைய ஆஃபீஸ்தான். கணக்கு அமெரிக்காவில் இருக்கும் மகனின் எண்ணோடு இணைந்திருந்தால் வேறொரு தொல்லையும் உண்டு. இங்கே காலை பத்து மணிக்கு நீங்கள் கேட்கும் சரிபார்ப்புக் குறியீடு, நியூயார்க்கில் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் அவருடைய கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்து, அவர் விழிப்பதற்குள் காலாவதியாகிவிடும்.

எனவே பெட்டியைப் பிரிக்கும்போது நீங்களே உடனிருங்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண், நீங்கள் தேர்ந்தெடுத்த கடவுச்சொல் ஆகியவற்றைக் கொண்டே கணக்கைத் தொடங்குங்கள். தட்டச்சு செய்ய யாருடைய உதவியை வேண்டுமானாலும் பெறலாம். அடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதிக்குப் போய் மீட்பு எண்ணைக் கண்டுபிடித்து, ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஓய்வூதிய ஆணை இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். மடிக்கணினிப் பையிலேயே அந்தத் தாளை வைக்கக் கூடாது.

ஏற்கெனவே பிறர் பெயரில் தொடங்கப்பட்டிருந்தால், கணினி ஒழுங்காகத் திறக்கும் இந்த நாட்களிலேயே அதை மாற்றிக்கொள்ளுங்கள். தொடங்கிக் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் எண்ணுக்கு வரும் குறியீட்டைச் சொல்லச் சொல்லி, கணக்கில் உங்கள் எண்ணைச் சேர்த்து அவருடையதை நீக்குங்கள். பழைய எண் எட்டாத நிலையில் பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் மாற்ற முயன்றால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இடத்தைக் குறித்துக்கொள்வது

வகுப்புக்கு வருவோர் பலர் நோட்டுப் புத்தகம் கொண்டுவருகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அதில், "கீழே இடமிருந்து மூன்றாவது படத்தை அழுத்தவும்" என்று எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த புதுப்பிப்பிலோ, இன்னொரு செயலியைத் திறந்தாலோ, மூன்றாவது நான்காவதாகிவிடும். அதோடு அவர்களுடைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிடுகிறது. இடத்தை எழுதாமல் பெயரை எழுதுங்கள். விண்டோஸ் விசையைத் தட்டி, அந்தப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்தால், அது எங்கே இருந்தாலும் தேடலில் வந்து நிற்கும்.

மவுஸைப் பிறர் கையில் கொடுப்பது

பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மவுஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

திரையில் வரும் எண்ணுக்கு அழைப்பது

ஏதோ ஒரு சமையல் குறிப்பையோ பஞ்சாங்கத்தையோ தேடிப் போகும்போது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று உரத்த குரலோடு ஓர் எச்சரிக்கை வரலாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் விடாமல் அழுத்தினால் முழுத்திரை விலகும். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அதுவும் நடக்காவிட்டால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பதற்றத்தில் அழைத்துவிட்டு, அவர்கள் சொன்னபடி கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவிப் பணத்தையும் இழந்திருந்தால், இணைய இணைப்பை உடனே துண்டித்துவிட்டு, வெட்கப்படாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். மகனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

ஒன்டிரைவில் அழிப்பது

ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். அதில் இலவசமாகத் தரப்படும் இடம் 5 ஜிபி. அது நிரம்பிவிட்டது என்று செய்தி வந்ததும், கணினியில்தான் இன்னொரு படி இருக்கிறதே என்று நினைத்து ஒன்டிரைவில் உள்ள படங்களை அழிக்காதீர்கள். இரண்டும் இணைந்திருந்தால் அங்கே அழிப்பது இங்கேயும் அழியும். முதலில் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படியெடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய கணினியை அவசரமாகக் கொடுத்துவிடுவது

எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்பதற்கு முன்பு, அலுவலகங்களில் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். புதிய மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், கோப்பு திறந்தாலும் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைப் பழைய கணினியில் பார்த்தால்தான் எளிதாகத் தெரியும். ஆகவே அந்தக் கோப்புகள் எல்லாம் புதியதில் தமிழாகத் திறக்கும்வரை பழையதை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். போடும் நாளில், அதில் உள்ளவற்றை முழுவதுமாக அழித்த பிறகே கடைக்காரரிடம் கொடுங்கள்.