டிரெய்லரில் குதிரை மூத்திரத்தை அடக்குவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு மணி நேரம் ஓடிய டிரெய்லரைத் திறந்து பாருங்கள். தரையில் லத்தி கிடக்கும், மூத்திர ஈரம் துளிகூட இருக்காது. கீழே இறக்கிப் புல்தரையில் நிறுத்தியதுமே குதிரை பின்னங்கால்களை அகட்டி, வாலைத் தூக்கி, நிறுத்தாமல் பெய்யும். இத்தனை நேரம் அடக்கிக்கொண்டா நின்றது என்று அப்போதுதான் நமக்கு உறைக்கும்.

லத்தியை அது நடந்துகொண்டேகூடப் போட்டுவிடும். மூத்திரம் பெய்ய அப்படி முடியாது, காலை அகட்டி அசையாமல் நிற்க வேண்டும். வளைவிலும் பிரேக்கிலும் ஆடும் வண்டியில் விழாமல் நிற்பதே பெரும்பாடு. போதாததற்கு, வெறும் ரப்பர் தரையில் பெய்தால் காலில் தெறிக்கும். பல குதிரைகளுக்கு அது அறவே பிடிக்காது. மரச்சீவலைத் தாராளமாகப் பரப்பி, புறப்படும் முன் லேசாக நனைத்துவிடுங்கள். தெறிக்காது, தூசியும் பறக்காது.

வண்டி நாறக் கூடாது என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். பயணத்தில் வியர்வையாகவும் நீர் போகிறது. குடல் வறண்டால் லத்தி இறுகி அடைத்து, கோலிக் என்னும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். அது உயிருக்கே ஆபத்து. வழியில் கிடைக்கும் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கும் குதிரைகளும் உண்டு, அதனால் பழகிய தண்ணீரையே கேனில் எடுத்துப் போங்கள்.

அடுத்தது, நிறுத்தாமல் ஓட்டுவது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அரை மணி நேரமாவது விடுங்கள். தண்ணீர் காட்டுங்கள். வண்டி ஆடாமல் நின்றால் சில குதிரைகள் உள்ளேயே பெய்துவிடும். அதற்காகச் சாலையோரத்தில் மட்டும் இறக்கிவிடாதீர்கள், மிரண்டு ஓடினால் பிடிக்க முடியாது. தொழுவத்தில் அது பெய்யும்போதெல்லாம் மெல்லச் சீட்டியடித்துப் பழக்கியிருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும். குதிரைக்காரர்களின் பழைய வழக்கம் அது.

தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டுவதும் தவறுதான். தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறும். மணிக்கணக்கில் தலை தூக்கியே இருந்தால் நுரையீரலில் தொற்று வரக்கூடும். மூத்திரம் ஊறிய மரச்சீவலிலிருந்து எழும் அம்மோனியா நெடி அதை இன்னும் மோசமாக்கும். ஆகவே காற்றுத் துவாரங்களை மூடாதீர்கள், நிற்கும் இடத்திலெல்லாம் லத்தியை அள்ளிவிடுங்கள்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. குதிரை பெய்கிறதா, லத்தி போடுகிறதா, தீனி எடுக்கிறதா என்று பாருங்கள். முக்கியும் மூத்திரம் வரவில்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மூத்திரம் காபி நிறத்தில் வந்தால் தசை சிதைந்திருக்கலாம். அப்போது குதிரையை ஓர் அடிகூட நடத்தாமல், மருத்துவர் வரும்வரை நின்ற இடத்திலேயே நிறுத்தி வையுங்கள்.