கறக்கும் இடத்தில் எவ்வளவு, தொட்டியில் எவ்வளவு? ராமநாதபுரக் கடலோரக் கறவை மாடுகளுக்கான தீவன முறை

கறக்கும்போது மாட்டின் முன்னால் வைக்கும் அடர்தீவனத்துக்கு (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) ஒரே வேலைதான். மாடு விரும்பி வந்து நிற்க வேண்டும், மிரளாமல் பாலை இறக்க வேண்டும். வயிற்றை நிரப்புவது தீவனத் தொட்டியின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு நாளைக்குரிய ஆறு கிலோவையும் இரண்டு வேளைக் கறவையிலேயே கொட்டித் தீர்க்கும் கொட்டகைகள் நம் பக்கம் நிறைய. பால் கொழுப்பு குறைவதும், சாணம் இளகுவதும், மாடு நொண்டுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

இந்தப் பங்கீட்டை ரோபோ கறவைப் பண்ணைக்காரர்கள் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறார்கள். 1992-ல் நெதர்லாந்துப் பண்ணைகளில் தொடங்கிய முறை அது. அங்கே மாட்டை யாரும் ஓட்டி வருவதில்லை. கழுத்திலோ காதிலோ உள்ள அடையாளக் கருவியை ரோபோ இருக்கும் கறவைப் பெட்டி படித்து, அந்த மாட்டுக்கு உரிய குச்சித் தீவனத்தை மட்டும் போடும். அதைத் தின்னத்தான் மாடு தானாக வருகிறது. தொட்டியில் வைக்கும் கலவையைக் கொஞ்சம் சத்துக் குறைவாகவே வைப்பார்கள். அங்கேயே எல்லாம் கிடைத்துவிட்டால் பெட்டிப் பக்கம் மாடு வராது. பெட்டியிலும் ஒரு வருகைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவுக்கு மேல் போடுவதில்லை. ஒரே மூச்சில் அதிகம் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறும். அப்படி வயிறு கெட்ட மாடும் வராது. பத்து மாடு, ஒரு வாளி வகைக் கறவை இயந்திரம் என்று நடக்கும் நம் பண்ணைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் இந்தக் கடற்கரையில் தீவனத்துக்கு முன் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும்.

தண்ணீர்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, சாயல்குடி, தொண்டி என்று கரையோரம் முழுக்க ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் உவர்நீர்தான். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும், பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, கோடையில் மாதம் ஒரு முறையாவது அளந்து குறித்து வையுங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 3,000 வரை கறவை மாடு சமாளிக்கும். 3,000 முதல் 5,000 வரை என்றால் புதிதாக வாங்கிவந்த மாடு குடிக்கத் தயங்கும், சில நாள் பேதியாகும். 5,000-க்கு மேல் கறவைக்கும் சினைக்கும் கொடுக்கக் கூடாது. 7,000-ஐத் தாண்டிய நீரை எந்த மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

பத்து லிட்டர் கறக்கும் மாடு வெயில் காலத்தில் நாளுக்கு 70 லிட்டர் குடிக்கும். 3,000 அளவுள்ள நீர் என்றால் அதில் 210 கிராம் உப்புகள் உள்ளே போகின்றன. தீவனத்தில் நாம் சேர்க்கும் ஒரு சதவீத உப்போ 55 கிராம்தான். தண்ணீரில் இருப்பது அத்தனையும் சமையல் உப்பு அல்ல என்றாலும், அந்த அளவை நெருங்கும் நீரைக் கொடுப்பவர்கள் தீவனத்தில் உப்பை நிறுத்திவிடலாம். 2,000 வாக்கில் இருந்தால் பாதியாக்குங்கள். தாது உப்புக் கலவையை மட்டும் நிறுத்தக் கூடாது, அது வேறு.

தவிடும் ஊறவைத்த புண்ணாக்கும் கரைத்துத் தண்ணி காட்டும் வழக்கம் நல்ல நீருள்ள ஊருக்குச் சரி. இங்கே தவிட்டு ருசி உவர்ப்பை மறைத்துவிடுவதால், மாடு மறுத்திருக்க வேண்டிய நீரையும் குடித்துவிடுகிறது. தீவனத்தை உலர்வாக அல்லது பிசறிய பதத்தில் கொடுத்து, தண்ணீரைத் தனியாக வையுங்கள். 5,000 அளவுள்ள கிணற்று நீரில் 500 அளவுள்ள ஊருணி நீரையோ காவிரிக் கூட்டுக் குடிநீரையோ சரிபாதி கலந்தால் 2,750-க்கு வந்துவிடும். கொட்டகைக் கூரையே 60 சதுர மீட்டர் இருந்தால், 100 மில்லிமீட்டர் மழைக்கு ஐயாயிரம் லிட்டர் அளவுக்குப் பிடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிடாதீர்கள். தொட்டி நிழலில் இருக்கட்டும். கூரை மேல் கறுப்புத் தொட்டியில் சூடேறிய நீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.

வைக்கோலும் பசுந்தீவனமும்

திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் தை, மாசியில் அறுவடையாகும் வைக்கோல்தான் ஆண்டு முழுக்க நமக்கு அடிப்படை. அதில் புரதம் 3 முதல் 4 சதவீதம். யூரியா ஊட்டினால் 7, 8 சதவீதம் ஆகும். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் நல்ல நீர். முழுதும் கரைத்து, இருபது கிலோ அடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து மிதித்து, அடுத்த அடுக்கைப் போடுங்கள். தார்ப்பாயால் மூடி ஓரங்களை மணலால் அழுத்தி 21 நாள் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். திறக்கும்போது காரநெடி அடித்தால் சரியாக வந்திருக்கிறது. பூஞ்சணம் தெரிந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது, அந்தப் பகுதியை எறிந்துவிடுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டுக் கொடுங்கள். முதலில் கால் பங்கு கலந்து பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. அந்தக் கரைசலைக் குடித்த மாட்டைப் பிழைக்க வைப்பது மிகக் கடினம்.

பசுந்தீவனத்துக்கு நீர் நன்றாக இருக்கும் இடத்தில் கோ எஃப்.எஸ். 29 என்ற தீவனச் சோள ரகம் போடலாம். முதல் வெட்டு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒரு முறை. எந்தச் சோளமானாலும் பூக்கும் முன் வெட்டிப் போடாதீர்கள். மழையின்றி வாடி நின்று, ஒரு தூறலுக்குத் துளிர்த்த சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு கூடுதலாக இருக்கும். மானாவாரிக்கு வேலிமசால், கொழுக்கட்டைப் புல். நீர் தேங்கும் உவர் நிலத்தில் எருமைப்புல் தாங்கும்.

ஒரு மாட்டின் கணக்கு

400 கிலோ எடை, பத்து லிட்டர் பால் தரும் ஜெர்சி கலப்பினம் என்று கொள்வோம். உடம்பைப் பராமரிக்க 1.5 கிலோ அடர்தீவனம், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ; மொத்தம் 5.5 கிலோ. இதோடு 15 கிலோ பசுந்தீவனம், 4.5 கிலோ வைக்கோல். மூன்றும் சேர்ந்து உலர் எடையில் 12 கிலோ வரும், அதாவது உடல் எடையில் 3 சதவீதம். இந்த 5.5 கிலோவில் கறவைக்கு 1.5 கிலோ வீதம் இரு வேளை, மீதி 2.5 கிலோவை நறுக்கிய வைக்கோலோடும் புல்லோடும் பிசறித் தொட்டியில் இரண்டு மூன்று தடவையாக வையுங்கள். பதினைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் கறவைப் பங்கு இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். கூடுதல் எல்லாம் தொட்டிக்குப் போகட்டும்.

படிக் கணக்கில் அளப்பவர்கள் ஒரு முறை தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு படி குச்சித் தீவனமும் ஒரு படி தவிடும் ஒரே எடை இல்லை. மூட்டை மாறும்போதெல்லாம் திரும்ப நிறுக்க வேண்டும்.

சொந்தமாக 100 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 30, சீமைக்கருவேல நெற்று மாவு 15, கடலைப் புண்ணாக்கு 18, தேங்காய்ப் புண்ணாக்கு 10, தவிடு 16, உளுந்து அல்லது துவரம் பொட்டு 8, தாது உப்பு 2, உப்பு 1. உப்பைக் குறைத்தால் அந்த எடைக்குத் தவிட்டைக் கூட்டுங்கள். புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும்.

கோடையில் உதிரும் சீமைக்கருவேல நெற்று இந்த மாவட்டத்தில் காசில்லாமல் கிடைக்கும் இனிப்பான தீவனம். கையால் ஒடித்தால் படக்கென்று முறியும்வரை காயவைத்து அரையுங்கள். ஈரம் இருந்தால் அதன் சர்க்கரை அரவை இயந்திரத்தில் பசையாக ஒட்டிக்கொள்ளும். முழு நெற்றாகப் போட்டால் விதை செரிக்காமல் சாணத்தில் வந்து, எரு போடும் இடமெல்லாம் கருவை முளைக்கும். 100 கிலோ கலவையில் நெற்று மாவு 20 கிலோவைத் தாண்டக் கூடாது. வறட்சியில் நெற்று ஒன்றையே நீண்ட நாள் தின்ற கால்நடைகளுக்குத் தாடை நரம்பு பழுதாகி, மெல்ல முடியாமல் எச்சில் வடியும்.

மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு மேல் மூட்டை சேர்க்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். கடல் காற்றின் ஈரத்தில் குச்சித் தீவனம் பொதுபொதுத்து உதிரும், கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் ஏறி அஃப்ளாடாக்சின் என்ற அதன் நஞ்சு பாலுக்கும் வரும்.

கறக்கும் நேரத்தில்

மடியைத் துடைக்கத் தொடங்கும்போதுதான் தீவனத்தை வையுங்கள். முன்பே வைத்துவிட்டால், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தின்று முடித்து மாடு உதைக்கத் தொடங்கும். துடைத்து ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் காம்புக் குவளைகளை மாட்ட வேண்டும். பால் இறக்கும் சுரப்பின் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான். ஒன்றரை கிலோ தீவனம் ஏறக்குறைய அவ்வளவு நேரத்துக்குக் காணும். தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள், மூக்கில் ஏறினால் மாடு தும்மிப் பின்வாங்கும். அந்தத் தூளைத் தொட்டிக் கலவையில் சேர்க்கலாம். தின்னும் சட்டியை வேளைக்கு ஒரு முறை கழுவாவிட்டால் மிச்சம் புளித்துவிடும்.

கறந்து முடிந்ததும் தொட்டியில் புதுத் தீவனம் தயாராக இருக்க வேண்டும். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு நின்று தின்றால் சாணத்தில் படுத்து மடிநோய் வாங்காது.

பங்குனி முதல் ஆனி வரை நாளின் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாலைக் கறவைக்கும் விடியலுக்கும் இடையில் வையுங்கள். உச்சி வெயிலில், அதுவும் காற்று நின்ற புழுக்கத்தில், மாடு தின்னாது.

கவனிக்க வேண்டியவை

படுத்திருக்கும் பத்து மாட்டில் ஆறு மாடாவது அசைபோட வேண்டும். அதற்குக் குறைந்தால், சாணம் நுரையோடு இளகி முழுத் தானியம் தெரிந்தால், பால் சங்கத்தில் கொழுப்பு அளவு இறங்கினால், மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: அடர்தீவனம் ஒரே தடவையில் அதிகம், நார் குறைவு. கறவைப் பங்கை ஒரு கிலோவாக்கி, வைக்கோலை முதலில் தின்னவிட்டு ஒரு வாரம் பாருங்கள். சாணம் கெட்டியாக உருண்டு விழுந்தால் தண்ணீர் போதவில்லை, மீட்டரை எடுங்கள். தீவன வகையை மாற்றுவது பத்து நாளில் படிப்படியாக நடக்கட்டும். கன்று ஈன்ற மாட்டுக்கு அடர்தீவனத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அரைக் கிலோ வீதம் ஏற்றுங்கள். தீவனம் தின்பது முழுதாக நின்று வயிறு உப்பினாலோ, மாடு தள்ளாடினாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.