விண்வெளி இலக்கு வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி?

நாசா 2022 மே மாதம், முதலில் நிலவுக்கும் பிறகு செவ்வாய்க்கும் மனிதரை அனுப்பும் முயற்சிக்கு 50 இலக்குகளை வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 5,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. செப்டம்பரில் இறுதிப் பட்டியல் வந்தபோது இலக்குகள் 63 ஆகியிருந்தன. மக்கள் எழுதுவதால் வரைவு மாறும்; எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வரைவை முழுக்கப் படியுங்கள். ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு எண் இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "நல்ல முயற்சி, தொடருங்கள்" என்று எழுதினால் வரைவில் திருத்துவதற்கு எதுவும் கிடைக்காது.

ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு வரி போதும்: இலக்கின் எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் சொல்லும் மாற்று வாசகம், காரணம். மாற்று வாசகத்தை நீங்களே எழுதித் தருவதுதான் இதில் முக்கியம். குறையை மட்டும் சொன்னால், அதற்கான சொற்களைத் தேடும் வேலை வரைவை எழுதும் குழுவின் தலையில் விழும்; அங்கேயே பல கருத்துகள் நின்றுபோகும்.

ஒரு மாதிரி பார்ப்போம். "நிலவில் மின் உற்பத்தி வசதி அமைத்தல்" என்று ஓர் இலக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். "சூரிய ஒளி இல்லாத காலத்திலும் தடையின்றி இயங்கும், படிப்படியாக விரிவாக்கக்கூடிய மின் வசதி அமைத்தல்" என்று மாற்றச் சொல்லலாம். காரணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிலவின் இரவு பூமிக் கணக்கில் சுமார் 14 நாள் என்று எழுதிவிடுவார்கள். அது நடுக்கோட்டுப் பகுதிக்குச் சரி. ஆனால் மனிதரை மீண்டும் நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் குறிவைப்பது நிலவின் தென்துருவத்தை. நிலவின் அச்சு சுமார் 1.5 டிகிரிதான் சாய்ந்திருப்பதால், அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும். சில மேட்டு முகடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும். பக்கத்திலேயே உள்ள சில பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை. இந்த வேறுபாட்டைக் காரணமாகக் காட்டுங்கள். வேறு இடத்துக்குரிய ஒரு கணக்கைத் தவறாகச் சொன்னாலே போதும், மீதிக் கருத்தின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இலக்கையும் கருவியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த ராக்கெட், எந்த ரோவர் என்பதெல்லாம் பிந்தைய கட்டம். 20 ஆண்டில் அவை மாறிவிடும். "செவ்வாயில் இருக்கும் குழு பூமியின் உதவிக்குக் காத்திராமல் பழுதை நீக்க முடிய வேண்டும்" என்பது இலக்கு. ரேடியோ அலை அங்கே போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பது அதற்குக் காரணம்.

ஏதாவது ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், எதைத் தள்ளிப்போடலாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். நாசாவின் ஓராண்டு ஒதுக்கீடு ஏறக்குறைய 2,500 கோடி டாலர். அதற்குள்தான் எல்லாமே அடங்க வேண்டும்.

ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்பிப் பயனில்லை. இது வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாசகம் என்றால் ஒரே கருத்தாகவே எடைபோடுவார்கள். அறிவிப்பில் கோப்பு எண் கொடுத்திருந்தால் மேலே எழுத மறக்காதீர்கள். கருத்துகள் பெரும்பாலும் அப்படியே வெளியிடப்படும் என்பதால் வீட்டு முகவரி, தொலைபேசி எண் வேண்டாம். கடைசி நாளின் நேரம் எந்த ஊர்க் கணக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கோளுக்கு விண்கலம் அனுப்பலாம் என்பது போன்ற அறிவியல் முன்னுரிமைக்கு வழி வேறு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஆய்வுக்குச் சிறு கட்டுரை அனுப்ப வேண்டும். 2022 அறிக்கை, பெரிய திட்டங்களில் யுரேனஸைச் சுற்றும் கலத்துக்கு முதலிடம் கொடுத்தது. 1986-இல் வாயேஜர் 2 கடந்து போனதோடு சரி, வேறு எந்தக் கலமும் அங்கே போகவில்லை.

இறுதிப் பட்டியல் வந்ததும் உங்கள் எண்ணைத் தேடி, பழைய வாசகத்தோடு ஒப்பிடுங்கள். எண்கள் மாறியிருக்கலாம், ஆகவே பொருளை வைத்துத் தேடுங்கள். மாறாமல் இருந்தால் காரணத்தை இன்னும் வலுவாக்கி எடுத்து வையுங்கள். இந்த இலக்குகளை எட்டும் வழிமுறையை நாசா ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து ஆவணம் வெளியிடுகிறது; அடுத்த கருத்தை அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.